பதினொன்றேகால் மணிக் குழாய்கள்

எனக்குப் பொறாமை உண்டு. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கதையில் நீங்களே கண்டுபிடித்து, நல்லவள் வேஷம் போட்டாள் என்பீர்கள். ஊரெல்லாம் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆள் இல்லை நான். என் பொறாமை ஒரே ஒருத்தி மேல்தான், என் கணவருடைய தம்பியின் மனைவி மேல். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள், நான் பெரியவள். மற்ற பெண்களுக்கு ஓரகத்தி என்றால் வேலைக்குப் போகும் எட்டு மணி நேரமாவது முகம் பார்க்காமல் இருக்கலாம். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. நான் வேலை செய்யும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் அவளும் இருந்தாள்.

அதற்கும் நான்தான் காரணம். அவள் முதலில் ஆராய்ச்சி மாணவியாக அங்கே வந்தாள். "இப்படி ஒரு கெட்டிக்காரப் பொண்ண நான் பார்த்ததே இல்ல" என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு வாரம் புகழ்ந்தவள் நான். ஒரு மழை நாளில் என்னை அழைத்துப்போகக் கொழுந்தன் கார் எடுத்து வந்தான். பாவம் நனைகிறாளே என்று அவளையும் நானே கூப்பிட்டு ஏற்றினேன். பின் சீட்டிலிருந்து அவள் ஏதோ சொல்ல, சிக்னல் பச்சையானதுகூடத் தெரியாமல் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். எட்டு மாதத்தில் கல்யாணம். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்கள். நான் அதைக் காரில் ஏற்றி வீட்டுக்கே கூட்டிவந்தேன்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் என் பாடு சுலபம். அவள் என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். பாத்திரம் கழுவ வருவாள். மாமியார் அவளைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசும்போது, "எங்க சின்னவ செல்லுக்குள்ள என்ன நடக்குதுன்னு ஆராய்ச்சி பண்றா" என்பார். என்னைப் பற்றிக் கேட்டால், "பெரியவளும் அங்கதான். டியூப் கழுவுறா." பதினெட்டு வருஷமாக அந்தக் கூடத்தில் மூத்த டெக்னீஷியன் நான். என் கை படாமல் அங்கே ஒரு செல் வளர்ந்தது கிடையாது. டியூப் கழுவுகிறேனாம்.

எங்கள் கூடத்தில் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வது ஒரே கேள்விக்குத்தான். ஒரே கதிர்வீச்சு, ஒரே அளவு. ஒரு செல் சாகிறது, இன்னொன்று பிழைத்துக்கொள்கிறது. ஏன்? இரண்டாகப் பிரியப்போகும் நேரத்தில் கதிர் பட்டால் செல் சீக்கிரம் சாகும். கதிரை ஒரே மூச்சில் கொடுக்காமல் பாதி இப்போது, பாதி சில மணி நேரம் கழித்து என்று கொடுத்தால், நடுவில் கிடைக்கும் நேரத்தில் காயத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடும். சூடு ஏற்றி வைத்தால் தாங்காது. எங்கள் மாமியார் திட்டுவதும் இந்தக் கணக்குத்தான். "வீட்ட இப்படியா போட்டு வெப்பீங்க?" என்று இரண்டு பேருக்கும் சமமாகத்தான் விழும். சின்னவள் சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுப்பாள். நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடமாட்டேன்.

சின்னவள் கையில் எடுத்தது ஒரு பொடி. ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்தது. அதைக் கலந்துவைத்தால் நல்ல செல்கள் கதிரைத் தாங்குமா என்று பார்ப்பது அவள் வேலை. தாங்கினால், புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை எடுக்கிறவர்களின் வாய் வெந்து தோல் உரிகிற கொடுமை குறையும். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலைதான்.

வேலை நடக்கும் விதம் இது. காலை எட்டரைக்கு நான் செல்களை எண்ணிப் பிரித்து, விரல் நீளச் சிறு குழாய்களில் நிரப்புவேன். குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று விளிம்புவரை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகுவேன். அது எங்கள் டைரக்டர் அம்மாவின் சட்டம். குழாய்கள் உடம்புச் சூட்டில் இருக்கும் ஒரு பெட்டியில் ஏறும். பெட்டியோடு பின்கட்டிடத்துக்குப் போனால் அங்கே கதிர் மெஷின். யாருக்கு எத்தனை மணி என்று அட்டவணை போடுவது நான். கதிர் பட்ட பிறகு செல்களைத் தட்டில் ஊற்றி இரண்டு வாரம் வளர்க்கவேண்டும். பிழைத்த ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளியாகப் பெருகியிருக்கும். சாயம் ஊற்றினால் ஊதா நிறத்தில் கண்ணுக்குத் தெரியும். புள்ளி இருந்தால் உயிர், இல்லாவிட்டால் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்கப் பொடி கலக்காத குழாய்களும் வேண்டுமல்லவா? அவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்வது வீண் என்று, எல்லோருக்கும் பொதுவாக நானே காலை ஒன்பது மணிக்கு முதல் ஆளாகக் கதிர் காட்டிவிடுவேன். பல வருஷப் பழக்கம் அது. மற்றவர்கள் திறந்த தட்டுகளில் வேலை செய்பவர்கள். ஒன்பதரை, பத்து, பத்தரை என்று போவார்கள். சின்னவளுக்கு நான் போட்டது பதினொன்றேகால். ஒவ்வொரு தடவையும் பதினொன்றேகால்.

இடமில்லாமல் போடவில்லை. காத்திருக்கட்டும் என்றுதான் போட்டேன். பின்கட்டிடத்து நடையில் ஃபேன் கிடையாது, ஒரே ஒரு மர பெஞ்ச். எல்லாக் குழாயையும் நான் ஒரே நேரத்தில் நிரப்புவதால், எட்டே முக்காலுக்கே வாங்கிக்கொண்டு போய்ப் பதினொன்றேகால்வரை அங்கே உட்கார்ந்து வேர்த்து வழியட்டும். எனக்கு இருந்த ஒரே அதிகாரம் அந்த அட்டவணை. அதில் என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் ஊற்றிவைத்தேன்.

முதல் தடவை தட்டுகளைச் சாயமிட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். என் பொதுத் தட்டில் ஏழெட்டுப் புள்ளிகள். அவளுடைய பொடித் தட்டில் ஐம்பதுக்கு மேல். "அக்கா, இங்க பாருங்க!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை டைரக்டர் அம்மாவே பூதக்கண்ணாடியோடு வந்துவிட்டார். வீட்டில் மாமியார் தெரு முழுக்கச் சொல்லி முடித்து அடுத்த தெருவுக்குப் போயிருந்தார். என் கணவர்கூட, "சின்னவளுக்குக் கை ராசி" என்றார். அன்று அவருக்கு டீ ஆறித்தான் கிடைத்தது.

பிறகு டைரக்டர் அம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார். "அவளுக்குத் தனி ஆராய்ச்சி பெஞ்ச் குடுக்கப் போறேன். அடுத்து எலிகள்ல பார்க்கணும். நாலாவது தடவையும் இதே மாதிரி வந்துட்டா மேல எழுதி அனுப்பிடலாம். நீ அவளுக்கு உதவியாப் போயிடு. உன்ன மாதிரி கை பழகின ஆள்தான் அவளுக்கு வேணும்."

வீட்டிலும் அவளுக்கு அடுத்த இடம், இங்கே அவளுக்கே கையாள். இனி காலையில் அவள் என்னிடம், "அக்கா, இன்னிக்கு இத முடிச்சிடுங்க" என்பாள். அன்பாகத்தான் சொல்வாள். அந்த அன்பைத்தான் என்னால் தாங்கமுடியாது. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வாரம் மெஷின் பார்க்கும் மனிதர் என்னை நிறுத்தினார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மௌனசாமி. வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். "அந்தப் பொண்ணு ரெண்டரை மணி நேரம் பெட்டிய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. குழந்தைய வெச்சிருக்குற மாதிரி. கொஞ்சம் முன்னாடி நேரம் போட்டா என்னம்மா?"

"பார்க்கலாம்" என்று சொல்லி இரண்டு எட்டு வைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

இரண்டரை மணி நேரம். விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடிய குழாய். உள்ளே லட்சக்கணக்கில் செல்கள், உடம்புச் சூட்டில், நன்றாக விழித்துக்கொண்டு, மூச்சு விட்டுக்கொண்டு. ஜன்னல் இல்லாத அறையில் கல்யாணக் கூட்டத்தை அடைத்துப் பூட்டினால் என்ன ஆகும்? திரவத்தில் இருந்த பிராணவாயு ஒரு மணி நேரத்திலேயே ஏறக்குறையத் தீர்ந்திருக்கும். பிராணவாயு இல்லாத செல்லைக் கதிர் அவ்வளவு எளிதில் கொல்லாது, இரண்டு மூன்று மடங்கு கதிர் வேண்டும். கட்டியின் நடுவில் காற்றுப் போகாத செல்கள் சிகிச்சைக்குச் சாகாமல் அடம்பிடிப்பது அதனால்தான். இது எங்கள் கூடத்தில் பாலபாடம். என் பொதுக் குழாய்களோ நிரப்பிய கால் மணியில் கதிரைப் பார்த்துவிட்டன.

பொடி ஒன்றுமே செய்யவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அதிலும் காக்கையைப் பிடித்துவந்து கிளையில் உட்காரவைத்தது நான்! அவளை வேர்க்கவைக்கப் போட்ட பதினொன்றேகால்தான் அவளுக்குப் பேரும் பெஞ்சும் வாங்கிக்கொடுத்திருந்தது. அன்று நான் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று என்னையே இரண்டு வார்த்தை திட்டிக்கொண்டேன். அச்சில் போட முடியாத வார்த்தைகள்.

போய்ச் சொல்லியிருக்கலாம். "மேடம், நேர வித்தியாசம் இருக்கு, அதப் பாருங்க" என்றால் போதும். ஆனால் ஏன் அவளுக்கு மட்டும் எப்போதும் கடைசி நேரம் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருந்தது. நாலாவது தடவைக்கு அட்டவணையில் என் பொதுக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே அவள் பெயரை எழுதினேன். மணி ஒன்பது.

அவள் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "அக்கா! எனக்கா ஒன்பது மணி?"

"எவ்வளவு நாள்தான் அந்த நடையில உக்காந்து வேர்ப்ப? முக்கியமான நாள். முதல்ல போ."

அவள் கண் கலங்கியது. என் கையைப் பிடித்து அழுத்தினாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கொழுந்தனிடம், மாமியாரிடம், என் கணவரிடம், எல்லோரிடமும் சொன்னாள். "அக்கா தன்னோட நேரத்துலயே எனக்கு இடம் குடுத்தாங்க." மாமியார் என்னை ஒரு மாதிரி, புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பெரியவளுக்கும் மனசு இருக்கிறதே என்ற பார்வை. என் தட்டில் அவரே குழம்பு ஊற்றினார்.

அடுத்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். தட்டுகள் இன்குபேட்டருக்குள் இருந்தன. உள்ளே புள்ளி வராது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. தினமும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எலிக் கூண்டுகளை எந்தப் பக்கம் வைக்கலாம், எனக்கு எந்த நாற்காலி வசதி என்று பேசிக்கொண்டே வருவாள். முதுகு வலிக்கிற எனக்கு உயரமான ஸ்டூல் ஆகாதாம், சாய்வு உள்ளதாகக் கேட்டிருக்கிறாளாம். ஒரு பக்கம் நெஞ்சு குத்தியது. இன்னொரு பக்கம், இரு இரு, இன்னும் ஒன்பது நாள் என்று உள்ளே ஒன்று எண்ணிக்கொண்டிருந்தது.

பதினாலாம் நாள் சாயம் ஊற்றினாள். கழுவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். என் பொதுத் தட்டில் எட்டு, அவளுடையதில் ஒன்பது. திரும்ப எண்ணினாள். புள்ளிகளைவிட எண்ணும் விரல்கள்தான் அதிகமாக இருந்தன. அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. தட்டை வைத்துவிட்டு நேராகப் பின்கட்டிடத்துக்குப் போனாள். மௌனசாமியின் பதிவேட்டை வாங்கி, அந்த மர பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒரு வருஷப் பக்கங்களைப் புரட்டினாள்.

திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. "அக்கா, எனக்கு நாளைக்கு நாலு குழாய் வேணும். பாதி பொடியோட, பாதி பொடி இல்லாம. ரெண்டுலயும் பாதிய ஒன்பது மணிக்கும், பாதியப் பதினொன்றேகாலுக்கும் போடணும்." நான் வாயைத் திறக்காமல் நிரப்பிக் கொடுத்தேன். பதினெட்டு வருஷ அனுபவத்தில், அதுவும் மௌனசாமி வாய் திறந்த பிறகு எனக்குப் பட்டதை, அவள் ஒரு பதிவேட்டைப் பார்த்தே பிடித்துவிட்டாள். அதற்கும் எரிந்தது. இது ஒரு வியாதி என்று எனக்கே தெரிகிறது.

இன்னும் இரண்டு வாரம் கழித்து டைரக்டர் அம்மாவின் அறையில் ஆறு பேர் கூடினோம். சின்னவள் மேசையில் நாலு தட்டுகளை வைத்தாள். ஒன்பது மணித் தட்டுகள் இரண்டும் ஏறக்குறையக் காலி. பதினொன்றேகால் தட்டுகள் இரண்டிலும் புள்ளிகள் நிறைய. பொடி இருந்ததிலும் இல்லாததிலும் வித்தியாசமே இல்லை.

"பொடி ஒண்ணும் செய்யல மேடம்" என்றாள். "காத்திருந்த நேரத்துல குழாய்க்குள்ள பிராணவாயு தீர்ந்துடுச்சு. அதனால செல் சாகல. நான் புதுசு, எனக்குக் கடைசி நேரம் வர்றது நியாயம்தான். ஆனா ஒப்பிடுற குழாயையும் என்கூடவே காத்திருக்க வெச்சிருக்கணும். அது எனக்குத் தோணல. தப்பு முழுக்க என்னுதுதான்."

டைரக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இத்தன வருஷத்துல, தன்னோட கண்டுபிடிப்பத் தானே உடைச்சு மேசையில கொண்டுவந்து வெச்ச முதல் ஆள் நீதான்" என்றார். "பொடி போனாப் போகட்டும். உன் பெஞ்ச் உனக்குத்தான். வேற வேலை எடுத்துக்கோ." யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். மௌனசாமிகூடத் தட்டினார்.

மனசாட்சி உறுத்தி எழுந்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அது பொய். அவள் தோற்க வேண்டிய இடத்திலும் ஜெயித்துவிட்டாள். பழியை ஏற்றுக்கொண்டதற்கும் அவளுக்கே பாராட்டு. அந்தத் தப்பாவது என்னுடையது, அதையும் அவள் எடுத்துக்கொண்டு நல்ல பேர் வாங்குகிறாளே என்றுதான் எழுந்தேன்.

"அது அவ தப்பு இல்ல மேடம்" என்றேன். "கடைசி நேரம் தானா வரல. நான் வேணும்னே போட்டது. ஒரு வருஷமா."

கைதட்டல் நின்றது. "எதுக்கு?" என்றார் டைரக்டர் அம்மா.

"பிடிக்கல."

"அவளையா?"

"அவளுக்கு எல்லாம் கிடைக்குறது பிடிக்கல மேடம்."

அவர் கழற்றிய கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளையிலேர்ந்து அட்டவணைய நானே போட்டுக்குறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, முன்னால் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். எல்லோரும் நாற்காலியை இழுக்கும் சத்தத்தோடு எழுந்தார்கள். யாரும் என் பக்கம் வரவில்லை.

கண்ணாடிச் சாமான் கழுவும் அறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். கழுவ ஒன்றும் இல்லை, சுத்தமான ஒரு குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டேன். சின்னவள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"மூணு தடவையும் நான் சந்தோஷத்துல தூங்கல, தெரியுமா?" என்றாள். "எல்லாரும் என்னப் பாராட்டினாங்க. அது அத்தனையும் நீங்க என்னக் காக்க வெச்சதால வந்ததா? அந்தப் பேரு நீங்க குடுத்ததா?"

வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம், நான் கொடுத்தது என்று. பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு கோணிக்கொண்டு வந்தது. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. தட்டு காலியாக வந்த அன்றுகூட அழாதவள்.

"அத விடுங்க. அது போச்சு" என்று மூக்கை உறிஞ்சினாள். "ஒன்பது மணி குடுத்தீங்களே, முக்கியமான நாள், முதல்ல போன்னு. வீட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன். அத்தை உங்களப் பத்தி அன்னிக்குத்தான் முதல் தடவை நல்லா பேசினாங்க. அது... அப்பவே உங்களுக்குத் தெரியுமா? செல் செத்துடும்னு தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

ஐந்து பேர் முன்னால் உண்மையைப் போட்டு உடைத்த வாய்தான் இது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்புவதற்காகத்தான் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். அந்த நேரத்தில் எனக்குப் பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை. கையில் இருந்த காலிக் குடுவையைத் திருப்பித் திருப்பிக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அவள் என் கையையே பார்த்தாள். பிறகு எட்டிக் குழாயை மூடினாள், தண்ணீர் வீணாகிறது என்பதுபோல.

"நீங்க கிளம்புங்க" என்றாள். "நான் அடுத்த பஸ்ல வரேன்."